பிஸ்கட் டின்னில் கிடந்த பாரம்

இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றி எழுதப் போகிறேன்.

நம் மக்கள் வீட்டில் பிஸ்கட் டின் இல்லாத வீடு உண்டா? தீபாவளிக்கு வாங்கியது. பிஸ்கட் தீர்ந்ததும் அதுவே வீட்டு இரும்புப் பெட்டி ஆகிவிடும். பிள்ளைகளின் சூரா பெரானாக், கல்யாணப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, இறந்து போன பெரியவரின் ஐ.சி., அடகுக் கடைச் சீட்டு, எல்லாம் அதற்குள்தான். அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், ஏதாவது ஆபத்து வந்தால்தான் கீழே இறங்கும்.

போன வருடம் தஞ்சோங் கிளிங்குக்கு உள்புறத்தில் ஒரு வீட்டில் அப்படி ஒரு டின் கீழே இறங்கியது. எந்தத் தோட்டம், எந்தப் பள்ளி, எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். ஊர் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். காலில் அடிபட்டுப் படுத்திருந்தார். சொக்சோ விஷயமாக நான் போயிருந்தேன். ஐ.சி. நகல் கேட்டேன். அவர் மனைவி நாற்காலி போட்டு ஏறி டின்னை இறக்கினார். அவரும் அதே தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்தான். ஒவ்வொரு கடுதாசியாக எடுத்து வைக்கும்போது, நாலாக மடித்த ஒரு பாரம் அடியில் கிடந்தது. பள்ளிக்கூட முத்திரை. தேதியைப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தியது.

"இது என்னம்மா?"

"அதுவா அண்ணே, பள்ளிக்கூடத்துல டீச்சர் குடுத்தாங்க. சின்னவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி, டாக்டர்கிட்ட எழுதி வாங்கி, கல்வி இலாகாவுல குடுக்கச் சொன்னாங்க. நான் போகல."

"ஏன் போகல?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கையெழுத்துப் போட்டா பைத்தியக்காரப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு லயத்துல சொன்னாங்க அண்ணே."

பையன் வாசலில் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். வயது பத்து. நாலாம் ஆண்டு. கெட்டிக்காரக் கை. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து அவனுக்குப் பிடிபடாது. கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவது போல வரைந்து வருவான். வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். லயத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. அந்தப் பெயர் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

என் அண்ணனின் கதை

எனக்கு அந்தப் பெயர் புதிதல்ல. என் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே தோட்டப் பள்ளியில் படித்தவர்கள். நான் எப்படியோ ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து, இடைநிலைப்பள்ளி வரை போனேன். அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றான். மூன்று வருடம் உட்கார்ந்தும் அவனுக்கு "அம்மா" என்று எழுத வரவில்லை. வாத்தியாருக்கும் கோபம், அப்பாவுக்கும் கோபம். பிரம்படிதான் மிச்சம். பிறகு அம்மாவோடு புல் வெட்டப் போனான். இன்று அவனுக்கு ஐம்பது வயதாகிறது. இன்னும் கைநாட்டுதான். ஆனால் பழுதான எந்த மோட்டாரையும் கொடுங்கள், சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்வான்.

அவனுக்கு மூளை இல்லையா? அவன் சோம்பேறியா? அவனுக்கு எழுத்து ஏன் பிடிபடவில்லை என்று சோதித்துப் பார்க்க, அன்று எங்கள் தோட்டத்துப் பக்கம் ஆளும் வரவில்லை, பாரமும் வரவில்லை. இந்தப் பையனுக்குப் பாரம் வீடு தேடி வந்தது. வந்து இரண்டு வருடம் டின்னுக்குள் தூங்கியது. தோழர்களே, என் வயிற்றைக் கலக்கியது இதுதான்.

கதவு இடம் மாறிவிட்டது

ஏன் இப்படி ஆகிறது? அந்தத் தாயின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் எல்லாமே தோட்டத்துக்கு உள்ளேதான். ஆயாக் கொட்டகை, டிஸ்பென்சரி, கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம். 1923-ம் வருடத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று இருந்தது. சட்டத்துக்காக வைத்தார்கள். பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரே வாத்தியார். சில இடங்களில் கிராணியே வாத்தியார். நல்லதோ கெட்டதோ, எது வேண்டுமானாலும் துரை ஆபீஸ் வாசலில் போய் நின்றால் போதும். அந்த வாசல் தவிர வேறு வாசல் நமக்குத் தெரியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு கல்வி அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது. பாடத்திட்டம் அரசாங்கத்துடையது. 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல்தான். தோட்டம் துண்டாடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. நம் தஞ்சோங் கிளிங்கையே பாருங்கள். அன்றைய கலிங்க நாட்டு வணிகர்களின் பெயரைச் சுமந்து நிற்கும் முனை என்று சொல்வார்கள். இன்று இந்தப் பக்கம் தொழிற்பேட்டையும் தாமானும்தான் கண்ணில் படுகின்றன. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பால் மரத்தையே பார்த்ததில்லை.

ஆனால் நம் மனம் இன்னும் துரை ஆபீஸ் வாசலிலேயே நிற்கிறது. உதவி தோட்டத்துக்குள் வரும், யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று காத்திருக்கிறோம். கதவு இடம் மாறிவிட்டது. அது இப்போது மாவட்டக் கல்வி இலாகாவில் இருக்கிறது.

இந்த இலாகா எதற்கு?

மலாக்கா மாநிலத்தில் மூன்று மாவட்டங்கள்: மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின். மூன்றுக்கும் தனித்தனிக் கல்வி இலாகா உண்டு. மலாய் மொழியில் பெஜாபாட் பெண்டிடிக்கான் டைரா, சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். தஞ்சோங் கிளிங், பாயா ரும்புட் பக்கத்துப் பிள்ளைகள் மத்திய மலாக்காவைச் சேர்ந்தவர்கள். புக்கிட் அசஹான், சிர்காம் பக்கத்தவர் ஜாசினுக்குப் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கும் கோலாலம்பூர், புத்ராஜெயாவுக்கும் நடுவில் இருக்கும் ஆபீஸ் இது. பள்ளிக்கு வேண்டியதை மேலே சொல்வதும், மேலே இருந்து வருவதைப் பள்ளிக்குக் கொண்டு சேர்ப்பதும் இதன் வேலை.

முதலில் ஆசிரியருக்கு உதவி. 1980-களில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஆசிரியர் நடவடிக்கை மையங்கள் வந்தன. எங்கள் தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவர் மோட்டாரில் அங்கே போய், பயிற்சித் தாள்கள் அச்சடித்துக்கொண்டு, பையில் மழை படாமல் சுற்றிக் கொண்டு வருவார். மை வாசனை போகாத அந்தத் தாளில்தான் நான் கணக்குப் போட்டேன். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குத் தெரியாது. பிறகு, 2013-ல் தொடங்கிய மலேசியக் கல்விப் பெருந்திட்டத்தின் கீழ் மாவட்ட இலாகாக்களைப் பலப்படுத்தினார்கள். ஆசிரியருக்கு வகுப்பிலேயே வந்து வழிகாட்டும் பயிற்றுநர்கள், தலைமையாசிரியருக்குத் துணை நிற்கும் அதிகாரிகள் என்று 2014 முதல் நாடு முழுக்க நியமித்தார்கள். 150 பிள்ளைகளுக்கும் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். நம் தோட்டப் பள்ளிகள் பல இந்தக் கணக்கில்தான் வருகின்றன. நாலைந்து ஆசிரியர்கள் எல்லாப் பாடத்தையும் இழுக்கும் இடத்தில், வெளியிலிருந்து வரும் கை பெரிய கை.

அடுத்தது பிள்ளைகளுக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று, பள்ளியில் சேர்ப்பது. 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. இடம் கிடைக்காவிட்டாலும், வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியிருந்தாலும் தலைமையாசிரியரைப் பாருங்கள். அங்கே முடியாவிட்டால் மாவட்ட இலாகா.

இரண்டு, பத்திரம் இல்லாத பிள்ளை. பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். விட்டுவிட்டு அலைகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். தாய் தகப்பனில் ஒருவராவது குடியுரிமை உள்ளவராக இருந்தால், பத்திர வேலை முடியும் முன்பே பள்ளியில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். 2019 முதல் இந்த வழியை எளிதாக்கினார்கள். "சூரா இல்லை, அதனால் பள்ளி இல்லை" என்று வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

மூன்று, சாப்பாடும் செலவும். ஏழைக் குடும்பப் பிள்ளைக்கு ஆரம்பப் பள்ளியில் சத்துணவுத் திட்டம் உண்டு. பாடநூல் கடன் திட்டத்தில் 2008 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகம் இலவசம். பள்ளி தொடங்கும் கால உதவியாக 2023 முதல் வருமானம் பார்க்காமல் பிள்ளைக்கு 150 வெள்ளி கொடுத்தார்கள். இவை பள்ளி வழியாகவே வரும். வராவிட்டால் வாய் திறந்து கேளுங்கள்.

நான்கு, முதல் படிவம். ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போவது என்று முடிவு செய்வது மாவட்ட இலாகாதான். வேன் போகாத தூரத்தில் போட்டுவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். "போட்டது போட்டதுதான்" என்று நினைத்துப் பிள்ளையை நிறுத்திவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து, தமிழ். தேசியப் பள்ளியிலோ இடைநிலைப்பள்ளியிலோ குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ் கற்றுத்தர வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. பதினைந்து கையெழுத்து! ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம்.

ஆறு, கற்பதில் சிரமப்படும் பிள்ளை. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பாரம் கிளம்பியது

மறு வாரமே நாங்கள் கிளம்பினோம். முதலில் அரசாங்கக் கிளினிக். கண்ணும் காதும் சோதித்தார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். அங்கே தேதி கிடைக்க மூன்று மாதம் காத்திருந்தோம். டாக்டர் பையனோடு ரொம்ப நேரம் பேசினார், படம் காட்டினார், கட்டையை அடுக்கச் சொன்னார். கற்பதில் சிரமம் உள்ள பிள்ளை என்று பாரத்தில் எழுதிக் கொடுத்தார். சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. கார்டுக்கும் பதிந்தோம்.

கல்வி இலாகாவுக்குப் போன அன்று அந்தத் தாய் தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். "வேண்டாம்மா, இது ஆபீஸு" என்றேன். உள்ளே ஒரு மலாய்க்கார அம்மாள். "டூடோக் டூலு, காக்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நம் சகோதரிக்கு அதுவே அதிசயம். துரை ஆபீஸில் யார் நமக்கு நாற்காலி போட்டார்கள்?

பயத்தை நான் மலாய் மொழியில் எடுத்துச் சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. சிறப்புக் கல்வி வகுப்பு என்பது சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் வகுப்பு, பிள்ளைகள் குறைவு, சொல்லிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பார், மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான் என்று விளக்கினார். 2013-ம் வருட விதிப்படி முதலில் மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் உறுதி செய்வார்கள். இப்படிப்பட்ட பிள்ளை எதையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது என்றும் சொன்னார்.

ஒரு சங்கடம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். வேன் போகும் தூரத்தில் அந்த வகுப்பு இருந்தது ஒரு தேசியப் பள்ளியில். தமிழ்ப்பள்ளியில் இல்லை. அவன் அக்காள் தமிழ்ப்பள்ளி, இவன் மலாய்ப் பள்ளி. தாய் அழுதுவிட்டார். "தமிழ் மறந்துடுமே அண்ணே" என்றார். எனக்கும் தொண்டை அடைத்தது. தமிழ்ப்பள்ளிக்காகக் கொடி பிடித்தவன் நான். ஆனாலும் சொன்னேன்: "தமிழ் வீட்டுல இருக்கும்மா. கோயில் வகுப்பு இருக்கு. இப்ப அவனுக்கு எழுத்து வேணும். முதல்ல அதைக் குடுப்போம்." நம் தமிழ்ப்பள்ளிகளில் இன்னும் அதிகமாக இந்த வகுப்புகள் வேண்டும் என்பது அன்றிலிருந்து என் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி.

சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி என்று இருக்கும் வீட்டில் அது சின்னப் பணமா? வேன் கூலிக்குக் கைகொடுக்கிறது. அந்தத் தாய் விரல் விட்டு எண்ணினார். வருடத்துக்குப் பத்து மாதம் என்று வைத்தாலும், டின்னுக்குள் தூங்கிய இரண்டு வருடத்துக்கு 3,000 வெள்ளி. "போனது போகட்டும் அண்ணே, ரெண்டு வருஷம் அவன் வாங்குன அடியும் ஏச்சும் திரும்பி வருமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

குறையும் உண்டு

இலாகா என்றால் எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லவில்லை. கடிதம் முழுக்க மலாய். பதிவெல்லாம் இப்போது இணையத்தில். கைப்பேசியில் தட்டத் தெரியாத தாய் என்ன செய்வார்? ஆபீஸ் நேரமும் நம் வேலை நேரமும் ஒன்று. ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆஸ்பத்திரித் தேதி மாதக் கணக்கில் இழுக்கிறது. பள்ளி நிலம் தோட்டக் கம்பெனியுடையதாக இருந்தால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. கட்டடச் செலவுக்கு இன்றும் வாரியமும் பெற்றோரும் கையேந்த வேண்டியிருக்கிறது. இதெல்லாம் போராடித் தீர்க்க வேண்டிய விஷயம். பிள்ளையின் பள்ளி வேலையாகப் போகும் பெற்றோருக்குச் சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

ஆனால் குறையைச் சொல்லிக்கொண்டே வீட்டில் இருந்தால் பாரம் நடந்து போகாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இலாகாவில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் லயத்தில் இருக்கும் பிள்ளை தெரியாது. அவருக்குத் தெரிவது மேசைக்கு வந்த கடுதாசி மட்டும்தான்.

ஆகவே சில யோசனைகள். தோட்டத்துக்கு ஒருவர், தாமானுக்கு ஒருவர், மலாய் தெரிந்த இளைஞரோ பெண்ணோ, கடிதம் வாசித்துச் சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைக்கு ஒரு உறை போடுங்கள்: சூரா நகல், பெற்றோர் ஐ.சி. நகல், சம்பளச் சீட்டு, பள்ளிக் கடிதங்கள். பள்ளியிலிருந்து வந்த எந்தக் கடுதாசியும் ஒரு வாரத்துக்கு மேல் பதில் இல்லாமல் வீட்டில் கிடக்கக் கூடாது. இலாகாவுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பேசிய அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மொழி தடையாக இருந்தால், மாநிலக் கல்வி இலாகாவில் தமிழ்ப்பள்ளிகளைக் கவனிக்கும் அதிகாரியைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்றால் மத்தியான வேலை முடிந்த அலுப்பைப் பார்க்காமல் போய் உட்காருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எழுத்து வராத பிள்ளைக்கு "மக்கு" என்று பெயர் வைக்காதீர்கள். அது பெயர் இல்லை, பூட்டு.

அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். ஒரே வருடத்தில் அவன் பண்டிதனாகிவிடவில்லை. இன்னும் திக்கித்தான் வாசிக்கிறான். ஆனால் போன மாதம் அவன் அப்பாவின் சொக்சோ கடிதத்தை உறையில் போட்டபோது, பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அப்பாவின் பெயரை அவனே எழுதினான். ஒரு எழுத்து தலைகீழாக இருந்தது. யாரும் திருத்தவில்லை. அப்படியே தபாலில் போட்டோம்.

இதை என் அண்ணனிடம் சொன்னேன். பிரித்துப் போட்ட கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். ரொம்ப நேரம் கழித்து, "நம்ம காலத்துல அந்தப் பாரம் இருந்திருந்தா, அப்பா கொண்டுபோய்க் குடுத்திருப்பாராடா?" என்றான்.

அப்பா இல்லை, கேட்க முடியாது. உங்களைக் கேட்கலாம். இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு நாற்காலி போட்டு ஏறுங்கள். அந்த டின்னைக் கீழே இறக்குங்கள். அடி வரைக்கும் பாருங்கள்.